கேரக்டரா, மாட்யூலா, யங் படமா: முடிவுறு குலங்களின் ரெப்ரசென்டேஷன் தியரியை எங்கே தொடங்குவது?

எம்.எஸ்சி. முடிக்கும் தறுவாயிலோ பிஎச்.டி.யின் முதல் ஆண்டிலோ இருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது: முடிவுறு குலங்களின் (ஃபைனைட் குரூப்களின்) ரெப்ரசென்டேஷன் தியரியைச் சொந்த முயற்சியில் படிக்க வேண்டும், எந்தப் புத்தகத்தை எடுப்பது? சிஎஸ்ஐஆர் நெட் தகுதித் தேர்வின் பாடத்திட்டத்தில் இந்தப் பகுதி கிடையாது. எம்.எஸ்சி.யில் குலக் கோட்பாடு பெரும்பாலும் சைலோ தேற்றங்களோடு நின்றுவிடும். ஆய்வுக்கு வந்து சேர்ந்த பிறகு பார்த்தால் எண் கோட்பாடு, காம்பினடோரிக்ஸ், லீ குலங்கள் என்று எந்தக் கருத்தரங்கில் உட்கார்ந்தாலும் இது எல்லோருக்கும் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். ஆக, எதைப் படிப்பது என்ற முடிவு மாணவர் தலையில்தான் விழுகிறது.

புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வழிகள் மூன்று. கேரக்டர்களில், அதாவது குல உறுப்புகளுக்கு ஒதுக்கும் அணிகளிலிருந்து வரும் எண்களில் தொடங்கலாம். குலத்திலிருந்து கட்டும் குரூப் அல்ஜீப்ரா என்ற வளையத்தின் மேல் மாட்யூல்கள் (களத்துக்குப் பதில் வளையம் செயல்படும் திசையன் வெளி போன்றவை) என்று தொடங்கலாம். அல்லது வரிசைமாற்றக் குலங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, யங் படங்கள் என்ற பெட்டி அடுக்குகள் வழியாக உள்ளே போகலாம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்தில் எட்டுப் பேருக்குக் கேரக்டர் வழிதான் சரி. ஆனால் அதிலேயே ஓராண்டு உட்கார்ந்துவிடக் கூடாது. மற்ற இரண்டு பேருக்கு வேறு பதில் இருக்கிறது, அவர்கள் யார் என்பதைப் போகப் போகப் பார்ப்போம்.

விஷயம் என்னவென்று சுருக்கமாக: குலத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் அணியை ஒதுக்குகிறோம். குலத்தில் இரண்டு உறுப்புகளைப் பெருக்கினால் என்ன வருகிறதோ, அதற்குரிய அணிதான் அந்த இரண்டின் அணிகளைப் பெருக்கினாலும் வர வேண்டும். இப்படி ஒதுக்குவது ஒரு ரெப்ரசென்டேஷன். மேலும் உடைக்க முடியாதவை இர்ரெடியூசிபிள். கலப்பெண்களின் மேல் எந்த ரெப்ரசென்டேஷனும் இர்ரெடியூசிபிள்களின் கூட்டலாகப் பிரியும், வெவ்வேறு இர்ரெடியூசிபிள்களின் எண்ணிக்கை கான்ஜுகசி வகுப்புகளின் (x-உம் gxg⁻¹-உம் ஒரே வகுப்பு என்று பிரித்தவை) எண்ணிக்கைக்குச் சமம், அவற்றின் பரிமாணங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் குலத்தின் அளவு வரும். மூன்று வழிகளும் இந்தத் தேற்றங்களுக்கே வந்து சேர்கின்றன. முதலில் உங்கள் கைக்கு எது வருகிறது என்பதில்தான் வித்தியாசம்.

கேரக்டர் வழி

வரலாற்றில் முதலில் வந்தது இதுதான். 1896 மார்ச்சில் ஜெர்மன் கணிதவியலாளர் டெடகின்ட் இன்னொரு ஜெர்மன் கணிதவியலாளரான ஃப்ரோபீனியஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். குலத்தின் பெருக்கல் அட்டவணையை வைத்து ஓர் அணிக்கோவை எழுதலாம், அபீலியன் குலமாக (பெருக்கும் வரிசை முக்கியமில்லாததாக) இருந்தால் அது ஒருபடிக் காரணிகளாக முழுக்க உடைகிறது, மற்ற குலங்களில் என்ன ஆகும் என்பது அதிலிருந்த கேள்வி. மூன்று பொருள்களின் வரிசைமாற்றக் குலத்துக்கு அந்த ஆறாம்படிக் கோவை இரண்டு ஒருபடிக் காரணிகளாகவும் ஓர் இருபடிக் காரணியின் வர்க்கமாகவும் உடைகிறது. இருபடிக் காரணி ஏன் இரண்டு முறை வர வேண்டும்? இந்தக் கேள்வியைத் துரத்திக்கொண்டு போய் அதே ஆண்டில் ஃப்ரோபீனியஸ் கேரக்டர்களைக் கண்டுபிடித்தார். அவை அணிகளின் டிரேஸ்கள், அதாவது மூலைவிட்டத்திலுள்ள எண்களின் கூட்டல் என்று அவர் காட்டியது அடுத்த ஆண்டில்தான். எண்கள் முதலில் வந்தன, அணிகள் பின்னால் வந்தன. இன்று படிக்கிறவருக்கும் அந்த வரிசை பொருந்துகிறது.

ஏன் பொருந்துகிறது என்று ஒரு கணக்கைப் போட்டே காட்டுகிறேன். நான்கு பொருள்களின் வரிசைமாற்றக் குலம் எஸ்4. உறுப்புகள் 24. கான்ஜுகசி வகுப்புகள் ஐந்து: சமனி ஒன்று, இரண்டு பொருள்களை மட்டும் மாற்றுபவை 6, இரண்டிரண்டாக மாற்றுபவை 3, மூன்றைச் சுழற்றுபவை 8, நான்கையும் சுழற்றுபவை 6. ஆக, கேரக்டர் அட்டவணையில் (வரிசைக்கு ஓர் இர்ரெடியூசிபிள், நெடுவரிசைக்கு ஒரு வகுப்பு) ஐந்து வரிசைகள் வர வேண்டும். முதல் வரிசை எல்லாம் 1. இரண்டாவது வரிசை இரட்டை, ஒற்றை என்பதைச் சொல்லும் குறி: 1, -1, 1, 1, -1. அப்புறம் நான்கு பொருள்களை நகர்த்தும் இயல்பான ரெப்ரசென்டேஷன். அதன் டிரேஸ் என்பது நகராமல் நிற்கும் பொருள்களின் எண்ணிக்கைதான்: 4, 2, 0, 1, 0. அதிலிருந்து முதல் வரிசையைக் கழித்தால் 3, 1, -1, 0, -1. இது இர்ரெடியூசிபிளா? ஒவ்வோர் எண்ணின் வர்க்கத்தையும் வகுப்பின் அளவால் பெருக்கிக் கூட்டுங்கள்: 9, 6, 3, 0, 6. மொத்தம் 24. குலத்தின் அளவும் 24. வகுத்தால் 1, எனவே இர்ரெடியூசிபிள். இதையே குறியால் பெருக்கினால் நான்காவது வரிசை: 3, -1, -1, 0, 1.

இதுவரை வந்த பரிமாணங்களின் வர்க்கங்கள் 1, 1, 9, 9. கூட்டினால் 20. மீதி 4, ஆகவே ஐந்தாவதன் பரிமாணம் 2. மற்ற எண்களை நெடுவரிசைகளின் செங்குத்துத்தன்மையே (முதல் நெடுவரிசையை வேறொன்றோடு இடத்துக்கு இடம் பெருக்கிக் கூட்டினால் பூஜ்யம்) கொடுத்துவிடுகிறது: 2, 0, 2, -1, 0. இந்த ரெப்ரசென்டேஷனின் ஓர் அணியைக்கூட நாம் இதுவரை பார்க்கவில்லை. ஆனாலும் அது இருக்கிறது என்று தெரியும். இன்னும் ஒருபடி மேலே போகலாம். இரண்டிரண்டாக மாற்றும் வகுப்பில் மதிப்பு 2, அதாவது பரிமாணத்துக்குச் சமம். அப்படியானால் அந்த மூன்று உறுப்புகளும் இங்கே சமனி அணியாகத்தான் செயல்படுகின்றன. சமனியோடு சேர்ந்து அவை நான்கு உறுப்புள்ள ஒரு நார்மல் உட்குலம் (அதனால் குலத்தை வகுத்துப் புதுக் குலம் பெறலாம்) என்பதை அட்டவணையே சொல்லிவிடுகிறது. அந்த உட்குலத்தால் வகுத்தால் வரும் ஆறு உறுப்புக் குலத்திலிருந்து வந்ததுதான் இந்த ஐந்தாவது வரிசை.

கூட்டலும் கழித்தலும் மட்டும் தெரிந்த ஒருவர் குலத்தின் உள்ளமைப்பைப் பற்றி ஒரு மெய்யான செய்தியைத் தானே கண்டுபிடித்துவிட்டார். வேறு எந்த வழியிலும் இரண்டாவது வாரத்திலேயே இது நடக்காது. கேரக்டர் வழியை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஆங்கிலேயக் கணிதவியலாளர் பர்ன்சைடும் ஒரு சாட்சி. குலக் கோட்பாட்டில் அவர் எழுதிய புத்தகத்தின் 1897 பதிப்பில் இந்த விஷயத்துக்கு இடம் தரவில்லை. குலங்களைப் பற்றி இதனால் நேராகக் கிடைக்கும் முடிவு எதுவும் இல்லை என்பது அப்போதைய நிலை. 1904-இல் அவரே இரண்டு பகா எண்கள் மட்டும் வகுக்கும் அளவுள்ள எந்தக் குலமும் சால்வபிள் (அபீலியன் துண்டுகளாகப் படிப்படியாகப் பிரிக்கக்கூடியது) என்று கேரக்டர்களை வைத்து நிறுவினார். 1911-இல் வந்த இரண்டாம் பதிப்பில் ரெப்ரசென்டேஷன்கள் பெரிய இடத்தைப் பிடித்துக்கொண்டன. கேரக்டர்களைத் தொடாத நிறுவல் 1970-களின் தொடக்கத்தில்தான் கிடைத்தது. மாணவருக்கு இந்தத் தேற்றம் மூன்றாவது மாதத்தில் கைக்கு எட்டிவிடும், அதுவும் முழு நிறுவலோடு.

இந்த வழியில் போக மூன்று புத்தகங்களைச் சொல்வேன். முதலாவது பிரெஞ்சுக் கணிதவியலாளர் சேர் எழுதியது. பிரெஞ்சில் 1967-இல் வந்தது, ஆங்கில மொழிபெயர்ப்பு 1977. அதன் முதல் பகுதி குவாண்டம் வேதியியல் படிப்பவர்களுக்காக எழுதப்பட்டது. 50 பக்கங்களுக்குள் அடிப்படை முழுவதையும் முடித்துவிடுகிறது. ஒரு சொல்கூட மிகையாக இருக்காது. அதுவே சிக்கலும். ஒரு வரியைப் படித்துவிட்டு அரை மணி நேரம் தாளும் பேனாவுமாக உட்காரும் பழக்கம் உள்ளவருக்கு இது பொக்கிஷம். அந்தப் பழக்கம் இல்லாதவர் முதல் பகுதியை நான்கு நாளில் வாசித்துவிட்டு, எல்லாம் புரிந்தது என்று நினைத்துக்கொண்டு, எஸ்4-இன் அட்டவணையைப் போடத் தெரியாமல் நிற்பார்.

இரண்டாவது ஜேம்ஸும் லீபெக்கும் சேர்ந்து எழுதியது. முதல் பதிப்பு 1993, இரண்டாம் பதிப்பு 2001. மொத்தம் 32 சிறு அத்தியாயங்கள், எடுத்துக்காட்டுகள் ஏராளம், பயிற்சிகளுக்கு விடைகள் பின்னால் இருக்கின்றன. தனியாகப் படிப்பவருக்கு விடை இருப்பது எவ்வளவு பெரிய உதவி என்று குழுவாகப் படிப்பவருக்குத் தெரியாது. ஆசிரியர் பக்கத்தில் இல்லை என்றால் இதைத்தான் எடுக்கச் சொல்வேன். ஒரே ஓர் எச்சரிக்கை: இதில் குல உறுப்பு திசையனின் வலப்பக்கம் நின்று செயல்படும். சேர் இடப்பக்கம் வைக்கிறார். இரண்டையும் ஒரே வாரத்தில் மாற்றி மாற்றிப் படித்தால் அணிகளின் வரிசை தலைகீழாகிக் குழப்பம் வரும். ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதோடு ஓர் ஐந்தாறு வாரம் இருங்கள்.

மூன்றாவது ஃபுல்டனும் ஹாரிஸும் 1991-இல் வெளியிட்டது. 26 விரிவுரைகளில் முதல் ஆறு மட்டும் முடிவுறு குலங்களுக்கு, மற்றவை லீ குலங்களுக்கும் (சுழற்சிகள் போலத் தொடர்ச்சியாக மாறும் குலங்கள்) லீ அல்ஜீப்ராக்களுக்கும். எடுத்துக்காட்டுகளில் நிற்பதும் வடிவியலைக் கண்ணில் காட்டுவதும் இந்தப் புத்தகத்தின் பெரிய குணம். ஆனால் முக்கியமான சில படிகள் பயிற்சிக்குள் போய்விடும். உங்கள் இலக்கு லீ குலங்கள் என்றால் நேராக இதற்கே போங்கள். முடிவுறு குலங்களில்தான் நிற்கப் போகிறீர்கள் என்றால் இது துணைப் புத்தகமாக இருக்கட்டும்.

ஐசக்ஸ் 1976-இல் எழுதிய கேரக்டர் புத்தகத்தையும் சிலர் முதல் புத்தகமாக எடுக்கிறார்கள். குலக் கோட்பாட்டிலேயே ஆய்வு செய்யப் போகிறவருக்கு அது இல்லாமல் முடியாது. ஆனால் அது இரண்டாவது புத்தகம்.

எட்டு உறுப்புள்ள இரண்டு குலங்கள்

கேரக்டர் வழி எங்கே நின்றுவிடுகிறது என்பதைப் பார்க்க ஒரு சோதனை போதும். சதுரத்தைத் தன்மேலேயே பொருத்தும் சுழற்சிகளும் பிரதிபலிப்புகளும் சேர்ந்த குலத்துக்கு எட்டு உறுப்புகள். ஹாமில்டனின் குவாட்டர்னியன் அலகுகளால் ஆன குலத்துக்கும் எட்டு. இரண்டும் வெவ்வேறு குலங்கள். முதலாவதில் வர்க்கம் சமனியாகும் உறுப்புகள் ஆறு, இரண்டாவதில் இரண்டுதான். ஆனால் கேரக்டர் அட்டவணை இரண்டுக்கும் ஒன்றேதான். நான்கு ஒருபரிமாண வரிசைகள், 2, -2, 0, 0, 0 என்று ஓர் இருபரிமாண வரிசை. அட்டவணையை மட்டும் கையில் கொடுத்தால் இது எந்தக் குலம் என்று யாராலும் சொல்ல முடியாது.

இப்போது மாட்யூல் வழியில் வந்தவரிடம் அதே கேள்வியைக் கேளுங்கள். அவர் குலத்தின் உறுப்புகளை அடிக்கணமாக வைத்து, கெழுக்கள் ஒரு களத்திலிருந்து (கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கும் நடக்கும் எண் தொகுதி) வரும்படி, குரூப் அல்ஜீப்ரா என்ற வளையத்தைக் கட்டுவார். ரெப்ரசென்டேஷன் என்பது அந்த வளையத்தின் மேல் ஒரு மாட்யூல், அவ்வளவுதான். கலப்பெண்களின் மேல் இரண்டு குலங்களின் அல்ஜீப்ராவும் ஒன்றே: நான்கு ஒருபரிமாணத் துண்டுகள், ஒரு 2×2 அணி வளையம். மெய்யெண்களுக்கு இறங்கி வந்தால் இரண்டும் பிரிந்துவிடுகின்றன. சதுரத்தின் குலத்துக்கு மெய்யெண் 2×2 அணி வளையம் கிடைக்கிறது. மற்றதற்கு அந்த இடத்தில் ஹாமில்டனின் குவாட்டர்னியன்களே வந்து உட்கார்கின்றன. சதுரத்தின் குலம் தளத்தில் மெய்யெண் அணிகளாகச் செயல்படுகிறது. குவாட்டர்னியன் குலத்தின் அந்த ரெப்ரசென்டேஷனை மெய்யெண்களில் எழுத நான்கு பரிமாணம் வேண்டும்.

கேரக்டர் பக்கத்திலிருந்தும் இதைப் பிடிக்கலாம். 1906-இல் ஃப்ரோபீனியஸும் ஷூரும் கொடுத்த அளவை ஒன்று உண்டு: ஒவ்வோர் உறுப்பின் வர்க்கத்திலும் கேரக்டரின் மதிப்பை எடுத்துச் சராசரி பார்ப்பது. சதுரத்துக்கு ஆறு முறை 2, இரண்டு முறை -2. சராசரி 1. குவாட்டர்னியனுக்கு இரண்டு முறை 2, ஆறு முறை -2. சராசரி -1. ஆனால் எந்த வகுப்பின் வர்க்கம் எந்த வகுப்பில் விழுகிறது என்ற தகவல் வெறும் அட்டவணைக்குள் இல்லை, வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். அந்த -1 ஏன் வருகிறது, அதற்கும் குவாட்டர்னியன்களுக்கும் என்ன உறவு என்பது அல்ஜீப்ராவைப் பார்த்தால்தான் புரியும்.

மாட்யூல் வழி

இதை முறைப்படி நிறுத்தியவர் எம்மி நோதர், 1929-இல் வெளிவந்த கட்டுரையில். கலப்பெண்களின் மேல் குரூப் அல்ஜீப்ரா செமிசிம்பிள், அதாவது அதன் மாட்யூல்கள் உடைக்க முடியாத துண்டுகளாக முழுக்கப் பிரியும் என்று மாஷ்கே தேற்றம் சொல்கிறது. வெடர்பர்ன் தேற்றம் அப்படிப்பட்ட அல்ஜீப்ரா அணி வளையங்களின் பெருக்கலாகப் பிரியும் என்கிறது. பரிமாணங்களை எண்ணினால் வர்க்கங்களின் கூட்டல் வந்துவிடும். மையத்தின் (எல்லா உறுப்புகளோடும் வரிசை மாற்றிப் பெருக்கக்கூடியவற்றின்) பரிமாணத்தை இரண்டு விதமாக எண்ணினால் இர்ரெடியூசிபிள்களின் எண்ணிக்கையும் வகுப்புகளின் எண்ணிக்கையும் சமம் என்பது கிடைக்கும். கேரக்டர் வழியில் பல பக்கங்கள் பிடிக்கும் நிறுவல்கள் இங்கே ஒரு வகுப்பு நேரத்தில் முடிந்துவிடும். காரணமும் துலக்கமாகத் தெரியும்.

இன்னொரு லாபம் பெரியது. களம் மாறினாலும் இந்த மொழி மாறுவதில்லை. இரண்டு உறுப்புள்ள குலத்தை எடுத்து, இரண்டே எண்கள் உள்ள களத்தின் மேல் அல்ஜீப்ராவைக் கட்டிப் பாருங்கள். சமனியோடு மற்ற உறுப்பைக் கூட்டி வர்க்கம் எடுத்தால் எல்லாக் கெழுக்களும் இரட்டைப்படை ஆகிப் பூஜ்யம் வருகிறது. பூஜ்யமல்லாத ஒன்றின் வர்க்கம் பூஜ்யம் என்றால் அணி வளையங்களாகப் பிரியும் கதை இங்கே நடக்காது. குலத்தின் அளவால் வகுக்க முடியாத களங்களில் இதுதான் நிலைமை. பிரவர் 1930-களில் தொடங்கிக் கட்டியெழுப்பிய மாடுலர் தியரி இங்கிருந்துதான் கிளம்புகிறது. சாதாரணக் கேரக்டர்கள் இங்கே தனியாக நின்று பதில் சொல்லாது.

சரி, அப்படியென்றால் எல்லோரும் மாட்யூலிலேயே தொடங்கலாமே? பலர் அப்படித் தொடங்கி நின்றுபோகிறார்கள். வெடர்பர்ன் தேற்றத்தை நிறுவி முடிப்பதற்குள் ஒரு செமஸ்டரில் பாதி போய்விடும். அதுவரை ஒரு குலத்தின் ஒரு ரெப்ரசென்டேஷனைக்கூடக் கையால் கணக்கிட்டிருக்க மாட்டார்கள். தேற்றத்தைச் சொல்லத் தெரியும், எஸ்4-இன் அல்ஜீப்ரா எப்படிப் பிரிகிறது என்று கேட்டால் பதில் வராது. அந்தப் பதிலைக் கண்டுபிடிக்க அவர்கள் திரும்பி வர வேண்டியது கேரக்டர் அட்டவணைக்குத்தான். சமையல் புத்தகத்தை மனப்பாடம் செய்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்காத மாதிரி.

இதற்கு விலக்கு உண்டு. வளையங்கள், மாட்யூல்கள், டென்சர் பெருக்கல் எல்லாம் ஏற்கெனவே கைக்குப் பழகியவர், எண் கோட்பாட்டுக்கோ மாடுலர் தியரிக்கோ போவது என்று முடிவு செய்துவிட்டவர் மாட்யூலில் தொடங்கட்டும். அவருக்குக் களம் எது என்பதுதான் முதல் நாளிலிருந்தே கேள்வி. எட்டிங்காஃபும் அவருடைய மாணவர்களும் எழுதி 2011-இல் வெளியான அறிமுகப் புத்தகம் அல்ஜீப்ராவிலிருந்து தொடங்கி முடிவுறு குலங்களுக்கு வந்து, குவிவர்கள் (அம்புகளால் இணைத்த புள்ளிகளின் படங்கள்) வரை போகிறது. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நடுநடுவே வரும் வரலாற்றுப் பகுதிகளும் நன்றாக இருக்கும். எம்.எஸ்சி.யில் வாங்கிய டம்மிட்-ஃபூட் இயற்கணிதப் பாடநூல் அலமாரியில் இருந்தால் அதன் 18, 19-ஆம் அத்தியாயங்களும் இதே பாதைதான். கைச்செலவில்லாமல் ருசி பார்க்க அது போதும். சேரின் இரண்டாம், மூன்றாம் பகுதிகளை இதற்குப் பிறகு எடுத்தால் தொய்வு இருக்காது. விகிதமுறு எண்களின் மேல் என்ன நடக்கிறது, பிரவரின் தேற்றம் என்ன சொல்கிறது என்பதெல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

யங் படங்களின் வழி

மூன்றாவது வழி வரிசைமாற்றக் குலங்களில் மட்டும் நிற்கிறது. நான்கு என்ற எண்ணை மிகை முழுக்களின் கூட்டலாக எழுத ஐந்து வழிகள்: 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. எஸ்4-க்கு ஐந்து இர்ரெடியூசிபிள்கள். இப்படி எழுதும் ஒவ்வொரு வழியையும், அதாவது ஒவ்வொரு பார்ட்டிஷனையும் பெட்டிகளை அடுக்கிய படமாக வரைந்தால் அந்தப் படமே ஒரு ரெப்ரசென்டேஷனின் பெயராகிவிடுகிறது. பரிமாணமும் படத்திலிருந்தே கிடைக்கும். 1954-இல் ஃப்ரேம், ராபின்சன், த்ரால் மூவரும் கொடுத்த சூத்திரப்படி ஒவ்வொரு பெட்டிக்கும் அதன் வலப்பக்கமும் கீழேயும் உள்ள பெட்டிகளை அதனோடு சேர்த்து எண்ணி, அந்த எண்களின் பெருக்கலால் 24-ஐ வகுக்க வேண்டும். 2+2 படத்துக்கு அந்த எண்கள் 3, 2, 2, 1. பெருக்கினால் 12, வகுத்தால் 2. மேலே கழித்தும் கூட்டியும் கண்டுபிடித்த ஐந்தாவது வரிசை இதுதான்.

வர்க்கங்களின் கூட்டல் 24 என்பதற்கு இங்கே எண்ணிக்கை வழியிலேயே நிறுவல் உண்டு. ராபின்சன், ஷென்ஸ்டெட், நூத் ஆகியோரின் பெயரால் வழங்கும் முறை ஒவ்வொரு வரிசைமாற்றத்தையும் ஒரே வடிவமுள்ள, எண்கள் நிரப்பிய இரண்டு படங்களாக மாற்றுகிறது. திரும்பவும் மாற்றலாம். அணிகளே வேண்டாம். இந்த அழகில் மயங்குவது இயல்புதான். நானும் மயங்கியவன்தான்.

இந்த வழிக்குச் சென்னைக்கு நேர்த் தொடர்பு உண்டு. தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த அமிர்தான்ஷு பிரசாத் 2015-இல் கேம்பிரிட்ஜ் பதிப்பாக வெளியிட்ட புத்தகம் ரெப்ரசென்டேஷன் தியரியைக் காம்பினடோரிக்ஸ் கண்ணால் பார்க்கிறது. அடிப்படைகளைச் சுருக்கமாக முடித்து, வரிசைமாற்ற ரெப்ரசென்டேஷன்கள் வழியாக மேலே சொன்ன முறைக்குப் போய், சமச்சீர் சார்புகள் (மாறிகளை இடம் மாற்றினாலும் மாறாதவை) வரை வருகிறது. அந்த நிறுவனத்தில் இந்தத் துறையில் ஆய்வு செய்ய ஆசைப்படும் மாணவருக்கு இதைவிட நேரான வாசல் எனக்குத் தெரியவில்லை. சேகன் எழுதிய வரிசைமாற்றக் குலப் புத்தகமும் நல்லது, இன்னும் மெதுவாக நடக்கும். ஓகுன்கோவும் வெர்ஷிக்கும் 1996-இல் கொடுத்த பார்வை வேறு மாதிரி. ஒரு பொருள், இரண்டு பொருள், மூன்று பொருள் என்று குலங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொரு படியிலும் ரெப்ரசென்டேஷன் எப்படிப் பிரிகிறது என்று பார்த்தால் யங் படங்கள் தாமாகவே வெளியே வருகின்றன. படங்கள் எங்கிருந்து முளைத்தன என்று கேட்பவருக்கு அதுதான் திருப்தியான பதில். ஆனால் அதற்கு மாட்யூல் மொழி கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் வழியாக இதை நான் பரிந்துரைக்கத் தயங்குவதற்குக் காரணம் இதுதான்: வரிசைமாற்றக் குலங்கள் அளவுக்கு மீறி நல்ல பிள்ளைகள். எல்லாக் கேரக்டர்களும் முழு எண்கள். எல்லா ரெப்ரசென்டேஷன்களையும் விகிதமுறு எண் அணிகளால் எழுதலாம். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு படம், ஒவ்வொரு படத்துக்கும் ஓர் இர்ரெடியூசிபிள். பொதுவான குலத்தில் இரண்டு எண்ணிக்கைகளும் சமம் என்பதோடு சரி, எந்த வகுப்புக்கு எந்த இர்ரெடியூசிபிள் என்ற இயல்பான இணைப்பு கிடையாது. இங்கேயே பழகியவர் அந்த இணைப்பு எல்லா இடத்திலும் இருக்கும் என்று எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறார். காம்பினடோரிக்ஸில்தான் ஆய்வு என்று முடிவானவருக்கு இந்த ஆபத்து குறைவு. அவர் இதில் தொடங்கட்டும், பக்கத்தில் ஜேம்ஸ்-லீபெக்கை வைத்துக்கொண்டு மற்ற குலங்களின் அட்டவணைகளையும் போட்டுப் பார்க்கட்டும்.

எந்த வழியாக இருந்தாலும்

டென்சர் பெருக்கலில்தான் நிறையப் பேர் இடறுகிறார்கள். எம்.எஸ்சி. நேரியல் இயற்கணிதத்தில் அது விடுபட்டுப் போவது சகஜம். கேரக்டர் வழியில் இதைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம், ஏனென்றால் இரண்டு ரெப்ரசென்டேஷன்களின் டென்சர் பெருக்கலுக்குக் கேரக்டர் என்பது இரண்டு கேரக்டர்களின் பெருக்கல்தான். மேலே குறியால் பெருக்கியபோது நாம் செய்தது அதுவே. மாட்யூல் வழியிலோ இண்ட்யூஸ்டு ரெப்ரசென்டேஷனின் (உட்குலத்தின் ரெப்ரசென்டேஷனிலிருந்து முழுக் குலத்துக்குக் கட்டுவதன்) வரையறையே டென்சரில் வந்து நிற்கும். அதற்குத் தனியாக ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

கேப் என்ற இலவச மென்பொருள் ஒரே கட்டளையில் கேரக்டர் அட்டவணையைக் கொடுத்துவிடும். ஜெர்மனியின் ஆஹனில் 1986-இல் தொடங்கிய திட்டம் அது. வகுப்புகளின் வர்க்கம் எங்கே விழுகிறது என்ற தகவலையும் அட்டவணையோடு சேர்த்தே காட்டும், எட்டு உறுப்புக் குலங்கள் இரண்டும் அங்கே பிரிந்து தெரியும். நான்கைந்து அட்டவணைகளைக் கையால் போட்ட பிறகு இதைத் திறங்கள். அதற்கு முன்னால் திறந்தால் நெடுவரிசைகளின் செங்குத்துத்தன்மை வெறும் வாக்கியமாகவே நின்றுவிடும்.

கேரக்டர் வழியில் போகிறவர் எப்போது மாட்யூலுக்கு மாறுவது? நாள் கணக்கு சொல்வதைவிட ஒரு குலத்தைச் சொல்கிறேன். ஐந்து பொருள்களின் இரட்டை வரிசைமாற்றங்கள், ஏ5. உறுப்புகள் 60, வகுப்புகள் ஐந்து, அவற்றின் அளவுகள் 1, 15, 20, 12, 12. ஐந்து பொருள்களில் நகராதவற்றை எண்ணி ஒன்றைக் கழித்தால் நான்கு பரிமாண வரிசை கிடைக்கும். ஐந்து உறுப்புள்ள சைலோ உட்குலங்கள் ஆறு. அவற்றை நகர்த்துவதை எண்ணி ஒன்றைக் கழித்தால் ஐந்து பரிமாண வரிசை. 1, 16, 25 போக மீதி 18. அதை இரண்டு வர்க்கங்களாக எழுத ஒரே வழிதான், 9+9. அந்த இரண்டு முப்பரிமாண வரிசைகளையும் செங்குத்துத்தன்மையை வைத்துக் கண்டுபிடியுங்கள். கடைசி இரண்டு இடங்களில் 5-இன் வர்க்கமூலம் வந்து நிற்கும், தங்க விகிதத்தின் வடிவில். வந்த விடையை இருபது முக்கோண முகங்கள் கொண்ட ஐகோசஹீட்ரனின் சுழற்சிகளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். 72 பாகை சுழற்சியின் டிரேஸும் அதே தங்க விகிதம்தான்.

இதை உதவியில்லாமல் போட முடிகிறது என்றால் கேரக்டர் வழி கொடுக்க வேண்டிய முதல் சுற்றைக் கொடுத்துவிட்டது. முடியவில்லை என்றால் இன்னும் இரண்டு மூன்று குலங்களைப் போட்டுப் பாருங்கள், அவசரமில்லை. போட்ட பிறகு, 5-இன் வர்க்கமூலம் இல்லாமல் விகிதமுறு எண்களை மட்டும் வைத்துக்கொண்டால் அந்த இரண்டு வரிசைகளுக்கும் என்ன ஆகும் என்ற கேள்வி எழும். அவை இரண்டும் சேர்ந்து, 5-இன் வர்க்கமூலத்தைச் சேர்த்த களத்தின் மேலான ஒரே 3×3 அணி வளையமாகின்றன. பரிமாணம் 18. மற்றவை 1, 16, 25, மொத்தம் 60. ஏன் அப்படி என்று நிறுவத் தேவையான கருவிகள் மாட்யூல் புத்தகத்தில் இருக்கின்றன. அந்தப் புத்தகத்தை அப்போது திறங்கள்.